மூல நட்சத்திரமும் மாமனாரின் ஆயுளும்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சு, ஜாதகம் கைக்கு வந்த அன்றே முடிந்துவிடுகிறது. பெண் மூலத்தில் பிறந்திருந்தால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது, கேட்டை கணவனின் அண்ணனுக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது என்று ஒரு பட்டியலே புழக்கத்தில் இருக்கிறது. நிலவு 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாள் சொச்சம் எடுத்துக்கொள்கிறது. அதாவது ஒரு நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஆகவே இந்த நான்கு நட்சத்திரங்களில் பிறப்பவர்கள் மொத்தப் பெண்களில் நான்கில் ஒரு பங்கு இல்லாவிட்டாலும் ஏழில் ஒரு பங்காவது இருப்பார்கள். படிப்பு, குணம், வேலை எதுவும் பேசப்படுவதற்கு முன்பே, பிறந்த நாளின் பெயரால் இத்தனை பேர் மீது ஒரு குற்றச்சாட்டு விழுகிறது. இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைச் சாட்சி கேட்காமல் ஏற்கக் கூடாது. கேட்க வேண்டிய சாட்சி எது, அதை எப்படி விசாரிப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூல நட்சத்திர நம்பிக்கை தெளிவான நம்பிக்கை. “நல்லதும் கெட்டதும் கலந்து வரும்” என்பது போல எதற்கும் பொருந்தும் வாக்கியம் அது இல்லை. யாருக்கு ஆபத்து, எப்போது தொடங்கி ஆபத்து, யாரால் ஆபத்து என்ற மூன்றையும் அது சொல்லிவிடுகிறது. அதை எண்களின் மொழியில் எழுதினால் இப்படி வரும்: மூலத்தில் பிறந்த மருமகள் வந்த வீடுகளில் திருமணத்துக்குப் பின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இறக்கும் மாமனார்களின் விகிதம், மற்ற வீடுகளில் உள்ள விகிதத்தைவிட அதிகமாக இருக்கும். இரண்டு விகிதங்கள், ஒரு ஒப்பீடு. தொலைநோக்கியோ ஆய்வகமோ தேவையில்லை. கேள்வித்தாளும் பொறுமையும் போதும். ஒரு நம்பிக்கை தன்னைத்தானே இப்படிச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளும்போது, அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை.

இத்தகைய சோதனைகளில் மிகப் பெரியது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்தது. மேலைநாட்டுச் சோதிடம் சூரியன் நிற்கும் ராசியைக் கொண்டு மனிதர்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறது. இன்ன ராசிக்கு இன்ன ராசி பொருந்தும் என்று பத்திரிகைகள் வாரந்தோறும் எழுதுகின்றன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் வோவாஸ் என்ற சமூகவியலாளர், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார். அதில் கணவன், மனைவி இருவரின் பிறந்த தேதியும் இருந்தது. ஏறக்குறைய ஒரு கோடி தம்பதிகள். ராசிப் பொருத்தம் உண்மை என்றால், பொருத்தமான ராசிக்காரர்கள் ஒருவரையொருவர் நாடி மணப்பதும், மணவாழ்வில் நீடிப்பதும் கொஞ்சமாவது அதிகமாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பின் அன்று சேர்ந்திருக்கும் தம்பதிகளிடம் அதன் தடம் தெரிய வேண்டும்.

கணக்கு எளிது. கணவனுக்குப் பன்னிரண்டு, மனைவிக்குப் பன்னிரண்டு என்று 144 ஜோடி வகைகள். ராசிக்கும் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடியை 144ஆல் வகுக்க, வகைக்குச் சுமார் 69,400 தம்பதிகள் வருவார்கள். எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் குழந்தைகள் பிறப்பதில்லை என்பதால், உண்மையான கணக்கில் ஒவ்வொரு ராசியிலும் எத்தனை கணவர்கள், எத்தனை மனைவிகள் என்பதைக் கொண்டு எதிர்பார்ப்பு எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். கார்ல் பியர்சன் 1900இல் வகுத்துத் தந்த கை-வர்க்கச் சோதனை இதற்காகவே இருக்கிறது: எதிர்பார்த்த எண்ணுக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலால் வரக்கூடியதா, அதைத் தாண்டியதா என்று அது சொல்லும். 69,400 என்ற எண் தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம்? அதன் வர்க்கமூலம் சுமார் 263. அதன் இரு மடங்கு, அதாவது 530 வரை கூடுதலோ குறைவோ வந்தால் வியப்பில்லை. அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். முக்கால் சதவீத விலகலைக்கூடப் பிடித்துவிடும் அளவுக்குக் கூர்மையான சோதனை இது. ஆயிரம் தம்பதிகளில் ஒரு தம்பதியைத்தான் கிரகங்கள் சேர்த்துவைத்தன என்றாலும், ஒரு கோடியில் அது பத்தாயிரம் தம்பதிகளாகக் குவிந்து நிற்கும்.

அப்படி எதுவும் குவியவில்லை. பொருந்தும் என்று சோதிடம் சொன்ன ஜோடிகள் கூடுதலாக இல்லை. பொருந்தாது என்று சொன்னவை குறைவாகவும் இல்லை. ஆனால் முதல் பார்வையில் ஒரு சிறு விலகல் தெரிந்தது: கணவனும் மனைவியும் ஒரே ராசியிலோ அடுத்தடுத்த ராசியிலோ பிறந்த ஜோடிகள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். அவசரப்படுபவர் இங்கேயே வெற்றி முழக்கம் எழுப்பியிருப்பார். வோவாஸ் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். படிவத்தை நிரப்பியவர் துணையின் பிறந்த தேதியை எழுத வேண்டிய இடத்தில் தன் தேதியையே எழுதிவிடுவது போன்ற பிழைகளே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஒரு கோடிப் படிவங்களில் மிகச் சிலர் கைதவறினாலும், ஒரே ராசி ஜோடிகளின் எண்ணிக்கை உயர்ந்துவிடும். பிழைகளைக் கழித்தபின் விலகல் மறைந்தது. சோதிடத்தைப் பற்றிச் சொன்னதைவிட, தரவைப் பற்றி இந்த ஆய்வு கூடுதலாகச் சொல்கிறது என்பது என் கருத்து. மாதிரி பெரிதாகும்போது தற்செயல் ஒடுங்கும், பிழை ஒடுங்காது. எவ்வளவு பெரிய மாதிரியாக இருந்தாலும், ஒரு எண் என்ன வழியாக நம் கைக்கு வந்தது என்ற கேள்வியை அது நமக்காகக் கேட்டுவிடாது.

இதற்கு நம்மூரில் உடனே ஒரு மறுப்பு எழும். “அது சூரிய ராசி. நம் சோதிடம் சந்திரனையும் லக்னத்தையும் பிறந்த நிமிடத்தையும் வைத்துப் பார்ப்பது. வெள்ளைக்காரன் கணக்கு இதைத் தொடாது.” நியாயமான மறுப்பு. இங்கிலாந்தின் ஆய்வு நம் முறையைச் சோதிக்கவில்லை என்பது உண்மை. நம் முறையைச் சோதித்த முயற்சி மகாராஷ்டிரத்தில் நடந்தது. வானியலாளர் ஜயந்த் நார்லிகர், புள்ளியியலாளர் சுதாகர் குண்டே, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தாபோல்கர், சோதிடம் கற்றவரான பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் சேர்ந்து, படிப்பில் சிறந்த 100 குழந்தைகள், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 குழந்தைகள் என 200 பேரின் பிறந்த விவரங்களைத் திரட்டி ஜாதகம் கணித்தார்கள். அவற்றைக் கலந்து, சோதிடர் ஒருவருக்கு 40 ஜாதகம் வீதம் அனுப்பி, எது எந்த வகை என்று பிரித்துத் தரச் சொன்னார்கள். 27 சோதிடர்கள் விடை அனுப்பினார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டு விடை எழுதினாலும் 40இல் சராசரியாக 20 சரியாக வரும். 28ஐத் தொடுவது நூற்றில் ஒரு தடவைகூட நடப்பது அரிது. சோதிடர்களில் ஒருவரும் 28ஐத் தொடவில்லை. அதிகபட்சம் 24. எல்லோருடைய சராசரி 20ஐக்கூட எட்டவில்லை. 200 ஜாதகங்களையும் ஆராய்ந்த ஒரு சோதிட நிறுவனம் 102ஐச் சரியாகச் சொன்னது.

அந்த 24ஐப் பற்றி ஒரு வார்த்தை. 40க்கு 24 என்றால் 60 சதவீதம். அவரிடம் மட்டும் போய் ஜாதகம் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் நாணயம் சுண்டுபவர்கள் 27 பேரை உட்கார வைத்தால், அவர்களில் மூன்று நான்கு பேர் 24 அல்லது அதற்கு மேல் எடுப்பார்கள் என்று வாய்ப்பியல் கணக்குச் சொல்கிறது. பலர் ஊகிக்கும் இடத்தில் ஒருவர் முந்துவது தவிர்க்க முடியாதது. முந்தியவரின் பெயர்தான் ஊரில் பரவும், மற்ற 26 பேரின் தோல்வி பரவாது. பலிக்கும் சோதிடர் என்ற புகழ் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. 144 ஜோடி வகைகளில் தேடினால் தற்செயலாகவே ஏழு வகைகள் விதிவிலக்காகத் தெரியும் என்பதும் இதே கணக்குதான். தேடுவதற்கு முன் எதைத் தேடுகிறோம் என்று சொல்லாதவர் எதையாவது கண்டுபிடித்தே தீருவார்.

இனி மூல நட்சத்திரத்துக்கு வருவோம். ஒரு கல்லூரி மாணவர் குழு திருமணமான பெண்கள் சில ஆயிரம் பேரிடம் போய் இரண்டு கேள்வி கேட்பதாக வைத்துக்கொள்ளலாம்: உங்கள் நட்சத்திரம் என்ன? உங்கள் மாமனார் உயிரோடு இருக்கிறாரா? விடைகளை அட்டவணையில் போட்டுப் பார்த்தால் மூல நட்சத்திரப் பெண்களில் மாமனார் இல்லாதவர்கள் அதிகமாக இருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. நம்பிக்கை மெய்யானது என்று அறிக்கை எழுதிவிடலாம். அந்த அறிக்கை முழுக்கத் தவறாக இருக்கும். ஏன் என்று தமிழ்நாட்டில் ஜாதகம் பார்க்கும் எவருக்கும் தெரியும்: மூல நட்சத்திரப் பெண்ணுக்கு வரன் தேடும்போது, தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்த்துத்தான் தேடுகிறார்கள். அந்தப் பெண்களில் பலர் புகுந்த வீட்டில் காலடி வைப்பதற்கு ஆண்டுக் கணக்கில் முன்பே அந்த மாமனார் இறந்திருப்பார். சாவுக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள தொடர்பு அட்டவணையில் தெரிவது மெய். அந்தத் தொடர்பைப் போட்டது தரகரும் பெற்றோரும். நம்பிக்கை முதலில் ஆட்களைப் பிரித்து வைக்கிறது. பிறகு அந்தப் பிரிவையே தனக்குச் சாட்சியாகக் காட்டுகிறது.

எனவே கேள்வியை மாற்ற வேண்டும். திருமணத்தன்று மாமனார் உயிரோடு இருந்தாரா? இருந்தார் என்றால் அப்போது அவர் வயது என்ன? அதன்பின் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தாரா? திருமணத்தன்று உயிரோடு இருந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் முதல் பொறி நீங்கிவிடும். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. வயதைக் கேட்பது அதற்காகத்தான். நட்சத்திரம் சொல்லித் தட்டிக்கழிக்கப்படும் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகும். தள்ளிப்போகும்போது மாப்பிள்ளையின் வயதும் கூடுகிறது, அவருடைய அப்பாவின் வயதும் கூடுகிறது. 58 வயதில் மாமனார் ஆகிறவரைவிட 66 வயதில் மாமனார் ஆகிறவர் அடுத்த ஐந்தாண்டுகளில் இறக்கும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம். ஒதுக்கியதால் வந்த தாமதம், தாமதத்தால் வந்த முதுமை, முதுமையால் வந்த மரணம். பழி மட்டும் மருமகளின் நட்சத்திரத்துக்கு. ஒரே வயதில் மாமனார் ஆனவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால் இந்த மயக்கம் தெளியும். ஒப்பிடாமல் விட்டால், அநீதி தானே உண்டாக்கிய எண்ணைத் தனக்கே ஆதாரமாக்கிக்கொள்ளும்.

நம்பிக்கை எண்களை உண்டாக்கும் வல்லமை உள்ளது என்பதற்கு ஜப்பானின் பிறப்புக் கணக்கைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சியைப் போல அங்கும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அதில் “நெருப்புக் குதிரை” ஆண்டில் பிறக்கும் பெண்ணால் கணவனுக்குக் கேடு என்று ஒரு நம்பிக்கை. 1966 அத்தகைய ஆண்டு. 1965இல் 18.24 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966இல் 13.61 லட்சம் குழந்தைகளே பிறந்தன. 1967இல் எண்ணிக்கை 19.36 லட்சமாக ஏறியது. ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு பிறப்புகள் குறைந்தன. பஞ்சமோ போரோ கொள்ளைநோயோ இல்லை. பெற்றோர் அந்த ஆண்டைத் தவிர்த்தார்கள், அவ்வளவுதான். ஆண்டின் பெயருக்கும் பிறப்பு எண்ணிக்கைக்கும் இடையில் இவ்வளவு வலுவான தொடர்பு இருந்தும், அந்த ஆண்டில் பிறந்த பெண்களின் கணவர்களைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறதா என்று கேட்பது பாதி வேலை. தொடர்பை உண்டாக்கியது வானமா மனிதர்களா என்று கேட்பது மீதிப் பாதி.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? கணக்கை விளக்க ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம்: திருமணமாகி ஐந்தாண்டுகளுக்குள் மாமனார் இறக்கும் விகிதம் பொதுவாக 10 சதவீதம். 2,700 பெண்களிடம் கேட்டால் அவர்களில் மூல நட்சத்திரத்தார் சுமார் 100 பேர். அந்த 100 வீடுகளில் 10 மரணங்களை எதிர்பார்க்கலாம். தற்செயலின் ஏற்ற இறக்கம் மூன்று. அதாவது 4 முதல் 16 வரை எந்த எண் வந்தாலும் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மூலம் மாமனாரின் ஆபத்தை இரட்டிப்பாக்குகிறது என்றால் மரணங்கள் 20ஐ ஒட்டி வரும். 100 பேரில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆபத்தை 10இலிருந்து 13 சதவீதமாக மட்டும் உயர்த்துகிறது என்றால், அதை நம்பகமாகக் கண்டறிய எண்ணூறுக்கும் மேற்பட்ட மூல நட்சத்திரப் பெண்கள் தேவை. கேட்க வேண்டியவர்களின் மொத்த எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். இதில் இரு பக்கத்தாருக்கும் பாடம் உண்டு. சிறு மாதிரியில் எதுவும் தெரியவில்லை என்பதால் விளைவே இல்லை என்று பகுத்தறிவாளர் சாதிக்க முடியாது. “எனக்குத் தெரிந்த மூன்று வீட்டில் அப்படியே நடந்தது” என்று நம்பிக்கையாளரும் சாதிக்க முடியாது. இருபதாயிரம் பேரைக் கேட்டு அறிய வேண்டியதை மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. பத்தில் ஒரு மாமனார் எப்படியும் இறப்பார் என்றால், மூல நட்சத்திர மருமகள் வந்த வீடுகளிலும் பத்தில் ஒன்றில் சாவு விழத்தான் செய்யும். அந்தச் சாவை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. ரோகிணி மருமகள் வந்த வீட்டில் விழுந்த சாவுக்கு யாரும் நட்சத்திரம் கேட்பதில்லை.

நட்சத்திரத்தை எப்படி அறிவது என்பதிலும் கவனம் வேண்டும். பெண்ணிடமோ பெற்றோரிடமோ கேட்டு எழுதினால் போதாது. கெட்ட பெயருள்ள நட்சத்திரம் ஜாதகத்தில் மாற்றி எழுதப்படுவது உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றிக் கொடுத்த பிறந்த தேதி வாழ்நாள் முழுக்கத் தொடர்வதும் உண்டு. மருத்துவமனைப் பதிவில் உள்ள தேதியையும் நேரத்தையும் கொண்டு நாமே கணிப்பதுதான் பாதுகாப்பு. தேதி மட்டும் இருந்தால், ஒரே நாளில் இரண்டு நட்சத்திரங்கள் வரலாம் என்பதால் நேரமும் தேவை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் வேறுபடுவதால், எதைப் பின்பற்றுகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒரே குழந்தை ஒரு பஞ்சாங்கப்படி கேட்டையாகவும் இன்னொன்றின்படி மூலமாகவும் இருக்கக்கூடும் என்பது, ஆபத்தில் இருப்பது அண்ணனா அப்பாவா என்பதையே மாற்றிவிடுகிறது. இந்த முரண்பாட்டுக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு நம்பிக்கையின் பக்கம்தான் இருக்கிறது.

முடிவு பாதகமாக வந்தால் என்ன சொல்லப்படும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். மூலம் முழுக்கக் கெடுதல் இல்லை, முதல் பாதம்தான் என்பார்கள். பரிகாரம் செய்திருப்பார்கள், அதனால் ஆபத்து விலகியது என்பார்கள். மாமனாரின் ஜாதகம் பலமாக இருந்தது என்பார்கள். இவை ஒவ்வொன்றும் தனியாகச் சோதிக்கத் தக்கவையே. முதல் பாதம் என்றால் முதல் பாதத்தை மட்டும் எண்ணலாம். பரிகாரம் என்றால் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பிரித்து எண்ணலாம். ஒரே நிபந்தனை, இவற்றை எண்ணுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 27 நட்சத்திரங்களுக்கும் சேர்த்து 108 பாதங்கள். ஒவ்வொன்றாகத் தேடினால் நான்கைந்து பாதங்களாவது தற்செயலாகவே ஆபத்தானவையாகத் தெரியும். முடிவைப் பார்த்தபின் சேர்க்கும் நிபந்தனை விளக்கமாகாது; தோற்ற கூற்றைத் தோல்வியிலிருந்து மறைக்கும் திரை அது.

இன்னொரு மறுப்பு ஆழமானது: “சோதிடம் தனிமனிதருக்கு உரியது, கூட்டத்தை எண்ணி அதை அளக்க முடியாது.” தனிமனிதரைப் பற்றிப் பேசும் மருத்துவமும் கூட்டத்தை எண்ணித்தான் தன்னைச் சோதித்துக்கொள்கிறது. எந்தப் புகைப்பவருக்குப் புற்றுநோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொண்டு கேட்டு, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சிறிதாக வேலை செய்யும் காரணம் பலரிடம் சேர்ந்து தெரிந்தே தீரும். தனியாகப் பார்த்தாலும் தெரியாது, சேர்த்து எண்ணினாலும் தெரியாது என்றால், அப்படி ஒரு விளைவு இருக்கிறது என்று முதலில் எவருக்கு எப்படித் தெரிந்தது?

இப்போதைக்கு எவரும் ஏற்கத்தக்க முடிவு ஒன்று இருக்கிறது. சூரிய ராசிப் பொருத்தம் ஒரு கோடி தம்பதிகளிடம் தேடப்பட்டுக் கிடைக்கவில்லை. நம் முறை ஜாதகத்தைக் கொண்டு இரு வகைக் குழந்தைகளைப் பிரிக்கும் திறன் சோதிக்கப்பட்டு, தற்செயலைத் தாண்டவில்லை. மூல நட்சத்திரம் மாமனாரைக் கொல்லும் என்பதற்கு ஊர்ப்பேச்சு உண்டு. அந்தப் பேச்சு தானே பிரித்து வைத்த குடும்பங்களிலிருந்து பொறுக்கியெடுத்த உதாரணங்கள் உண்டு. இரண்டையும் விலக்கி எண்ணிக் காட்டினால்தான் அது ஆதாரம் ஆகும். அப்படி எண்ணிக் காட்டும் பொறுப்பு பெண்ணுக்கோ அவளைப் பெற்றவர்களுக்கோ இல்லை. ஒருவர் மீது கொலைப்பழி சுமத்துபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் விதி. அறிவியலின் விதியும் அதுவே. நிரூபிக்கும் வழியும் கடினமானதில்லை என்று பார்த்துவிட்டோம். புள்ளியியல் படிக்கும் ஒரு வகுப்பு, ஒரு மாவட்டத்தின் சில ஆயிரம் குடும்பங்கள், முன்கூட்டியே எழுதி வைத்த நான்கு கேள்விகள். பல மாவட்டங்களின் வகுப்புகள் ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்தினால் இருபதாயிரம் எட்டாத எண் இல்லை. அந்தக் கணக்கைப் போடாதவரை, நட்சத்திரத்தைக் காரணமாகச் சொல்லி ஒரு பெண்ணை மறுக்கும் குடும்பம் தன் மறுப்புக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். வானத்தின் மீது அந்தப் பொறுப்பைப் போட இதுவரை கிடைத்த எந்த எண்ணும் இடம் தரவில்லை.